சின்ன நாய்க்குச் சலுகை



லாப்ரடார் ஒன்று கூடத்தின் நடுவில் ஒன்றுக்கு இருந்துவிட்டால் வீடே அமளிப்படும். வாளி வரும், மாப் வரும், ஜன்னல்கள் திறக்கும். இதற்கு ஒரு வழி பண்ணியே ஆகவேண்டும் என்று அன்று மாலைக்குள் முடிவாகிவிடும். அதே இடத்தில் ஒரு ஷிட்சூ குட்டி இருந்துவிட்டால் பழைய பனியன் துணி ஒன்று போதும். பாவம் குட்டி என்று துடைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அடுக்குமாடி வீடுகளில் சின்ன நாய்கள் வருடக்கணக்கில் பழகாமலே கிடப்பதற்கு, என்னைக் கேட்டால், இதுதான் முதல் காரணம். நாயின் புத்தியில் குறையில்லை. நாம் கொடுக்கிற சலுகைதான் அதைக் கெடுக்கிறது.

இது என் ஊகம் மட்டுமல்ல. வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டறிந்து 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சின்ன நாய் வளர்ப்பவர்கள் இன்றைக்குக் கண்டிப்பு, நாளைக்குச் செல்லம் என்று மாறி மாறி நடப்பது அதிகமாக இருந்தது. நாயோடு சேர்ந்து விளையாடுவதும் பழக்குவதும் குறைவாக இருந்தது. அந்த நாய்கள் சொல் கேட்பதிலும் பின்தங்கியிருந்தன. நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: சின்ன நாய்க்குச் சிறுநீர்ப்பை சின்னது, அடிக்கடி போயாக வேண்டும். ஆகவே அதைப் பழக்க இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். நாம் செய்வது நேர் எதிர்.

ஃபிளாட்டில் ஒரு சின்ன நாயை இடமறிந்து ஒன்றுக்கும் இரண்டுக்கும் போகப் பழக்குவதை நான் ஒரு கலையாகத்தான் மதிக்கிறேன். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். ஓயாமல் துடுப்புப் போடுவதில்லை. நீர் எங்கே இழுக்கிறது, எங்கே சுழிக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்து, வேண்டிய நொடியில் ஒரு தள்ளு தள்ளுகிறார்கள். இந்தக் கலையிலும் பெரும்பங்கு பார்ப்பதுதான். கை வேலை கொஞ்சம்.

பென்னாகரம் பக்கம் தோட்டத்து வீட்டில் நாய் வைத்திருப்பவருக்கு இந்தப் பேச்சே வேண்டாம். விடிந்ததும் அது தானாக எழுந்து வேலியோரம் போய் வந்துவிடும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஓசூரிலும் பெங்களூரிலும் மூன்றாம் மாடி, ஏழாம் மாடி என்று இருக்கிறார்கள். பொமரேனியனோ பக்கோ ஒன்றையும் வளர்க்கிறார்கள். 2003இல் ஹட்ச் தொலைபேசி விளம்பரத்தில் சிறுவன் பின்னாலேயே ஓடிய பக் நாயைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அந்த நாய் காலையில் எங்கே போய் வந்தது என்று விளம்பரம் காட்டவில்லை.

தோட்டத்து நாய்க்குத் தெரிந்தது ஃபிளாட்டு நாய்க்கு ஏன் தெரியவில்லை? தெரியும் என்பதுதான் விஷயம். குட்டி பிறந்து முதல் மூன்று வாரம் அதனால் தானாகச் சிறுநீர்கூடக் கழிக்க முடியாது. தாய் வயிற்றையும் அடியையும் நக்கித் தூண்டிவிடும்; வருவதையும் தானே நக்கித் துப்புரவு செய்துவிடும். அதனால் படுத்த இடம் நாறுவதே இல்லை. கால் ஊன்றியதும் குட்டி படுக்கையை விட்டுத் தள்ளிப் போய் இருக்கத் தொடங்கும். எட்டு, ஒன்பது வாரத்தில் இன்ன இடம், இன்ன தரை என்று அதற்கு ஒரு பிடிப்பும் வந்துவிடும். வைக்கோல் மேல் பழகினால் வைக்கோல், மண் மேல் பழகினால் மண், கடைக் கூண்டின் கம்பி மேல் பழகினால் கம்பி. இதற்கென்று இடம் வைத்துக்கொள்கிற குணம் நாய்க்கு மட்டும் உரியதும் இல்லை. காவிரியில் வாழும் நீர்நாய்கள் பாறையிலும் மணல் திட்டிலும் கூட்டமாக ஒரே இடத்துக்கு வந்து கழித்துவிட்டுப் போகும். மீன் செதிலும் முள்ளும் கலந்த அந்தக் குவியலைப் பார்த்துத்தான் ஆற்றில் நீர்நாய் நடமாட்டம் இருக்கிறதா என்று ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள்.

ஆக, படுக்குமிடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது குட்டிக்குப் பிறப்பிலேயே தெரியும். தெரியாதது, வீடு எதுவரை என்பது. இரண்டு கிலோ எடையுள்ள குட்டிக்குத் தன் மெத்தையும் சோற்றுக் கிண்ணமும்தான் வீடு. அங்கிருந்து கூடத்தைத் தாண்டி, நடையைத் தாண்டி, விருந்தினர் அறைக் கட்டில் அடிக்குப் போய் இருந்துவிட்டு வருகிறது என்றால், அதன் கணக்கில் அது மரியாதையாக வெளிக்குப் போய் வந்திருக்கிறது. இதைப் புரிந்துகொண்டவர் முதலில் வீட்டைச் சுருக்குவார். ஒரு கதவை மூடுவார், ஒரு தடுப்பு வைப்பார், குட்டியைத் தன் கண்ணுக்கு எட்டும் ஒரே அறையில் வைத்துக்கொள்வார். அந்த அறை சுத்தமாகப் பழகிய பிறகு அடுத்த அறை. குட்டி வந்த அன்றே வீடு முழுவதையும் சுற்றிக் காட்டி, எல்லாம் உனக்குத்தான் என்று கொஞ்சுகிற வீடுகளில் நான் பார்த்தவரை துடைப்பதற்கு ஓய்வே இல்லை.

அடுத்தது நேரம். தூங்கி எழுந்ததும், தின்று முடித்துச் சற்று நேரத்தில், விளையாடிக் களைத்ததும் குட்டிக்கு வந்துவிடும். இதற்கிடையில் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு மருத்துவர்கள் சொல்லும் ஒரு தோராயக் கணக்கு உண்டு: வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள், அத்தனை மணி நேரம். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. அதுவும் அதிகபட்சம், விழித்திருக்கிற சின்ன இனக் குட்டி அதற்குள் இரண்டு முறை போய்விடும். தரையை முகர்ந்துகொண்டே வட்டமடித்தால் உங்களுக்கு இருப்பது சில நொடிகள்தான். ஏழாம் மாடியில் லிஃப்ட் அதற்குள் வராது. இங்கேதான் சின்ன நாய் வைத்திருப்பவருக்கு ஒரு வசதி: தூக்கிக்கொள்ளலாம். கையில் இருக்கும்போது குட்டி பெரும்பாலும் அடக்கிக்கொள்ளும். நடத்திக் கூட்டிப்போனால் லிஃப்டின் மூலையே அதற்குப் போதும். பிறகு அசோசியேஷன் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

கீழே போய் அது வேலையை முடித்த நொடியிலேயே பரிசு கொடுக்க வேண்டும். செரிமான ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்யாவின் பாவ்லோவ், சோறு கொண்டுவருகிறவரின் காலடிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறுவதைக் கவனித்து, அதிலிருந்து ஒரு துறையையே திறந்துவிட்டார். ஒன்றை அடுத்து உடனே வருவதைத்தான் நாய் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். மாடிக்குத் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றி, பிஸ்கட் டப்பாவைத் தேடி எடுத்துக் கொடுத்தால், வீட்டுக்கு வந்ததற்குப் பரிசு என்றுதான் அதற்குப் படும். பிஸ்கட் உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. நாய் ஒன்றுக்கு இருந்ததும், அப்பாடா என்று உடனே வீட்டுக்குத் திருப்பிவிடுவார்கள். நான்கு நாளில் அது கணக்குப் போட்டுவிடும்: இருந்தால் ஊர்சுற்றல் முடிந்தது. பிறகு அரை மணி நேரம் அடக்கிக்கொண்டு நடக்கும், வீட்டு மிதியடியில் வந்து விடும். வேலை முடிந்த பிறகுதான் நடை தொடங்க வேண்டும்.

அவசரப்படவும் கூடாது. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தில் பாலூட்டிகள் சிறுநீர் கழிக்கும் நேரத்தை அளந்தார்கள். 2014இல் முடிவு வெளிவந்தது. மூன்று கிலோவுக்கு மேலுள்ள விலங்கு எதுவானாலும், நாயோ யானையோ, சராசரி 21 நொடி. அதற்கும் சின்ன உடம்புக்கு இன்னும் குறைவு. இருபது நொடி நிற்கப் பொறுமையில்லாமல் கயிற்றை இழுக்கிறவர்களை எந்த அபார்ட்மென்ட் வாசலிலும் பார்க்கலாம். அந்த ஆய்வுக்கு முந்தைய ஆண்டு செக் நாட்டவரும் ஜெர்மானியரும் 70 நாய்களைப் பின்தொடர்ந்து எழுதியது இன்னும் வேடிக்கை: பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும் நேரங்களில் நாய்கள் வடக்கு தெற்காக உடம்பை வைத்துக்கொண்டுதான் இரண்டுக்குப் போக விரும்புகின்றனவாம். வாஸ்து பார்த்து ஃபிளாட் வாங்கியவர்கள் நாயைக் குறை சொல்ல வழியில்லை.

இவ்வளவும் கீழே இறக்கிவிடக் கூடிய நாய்க்கு. தடுப்பூசிகள் முடியாத குட்டியைப் பொது இடத்து மண்ணில் விடக்கூடாது என்பார்கள் மருத்துவர்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தாக்கினால் குட்டி பிழைப்பது கஷ்டம். ஆகவே அந்தச் சில வாரங்களுக்கு வீட்டுக்குள்ளேயே ஓர் இடம் தேவைப்படுகிறது. எந்த இடம் என்பதில்தான் இந்தக் கலையின் பள்ளிகள் பிரிகின்றன.

பழைய பள்ளி செய்தித்தாள். செலவில்லை. ஒரு மூலையில் நான்கைந்து தாள் விரித்து, முந்தின முறை நனைந்த துண்டு ஒன்றை அடியில் வைத்தால் வாசனை கூப்பிட்டுக்கொள்ளும். நாளாக ஆகத் தாள்களைக் குறைத்து, வாசற்கதவை நோக்கி நகர்த்த வேண்டும். பலர் இந்த நகர்த்தலைச் செய்வதே இல்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமை தாத்தா தரையில் விரித்துப் படிக்கும் இணைப்பிதழின் மேல் நாய் வந்து நிதானமாக உட்காரும்போது கோபப்படுகிறார்கள். புதிய பள்ளி, கடையில் விற்கிற உறிஞ்சும் பேட். எனக்கு இதில் பிரியமில்லை. மாதம் முழுவதும் காசு, குப்பையில் பிளாஸ்டிக். அதைவிட, பேட் மேல் பழகிய நாயின் காலுக்குக் குளியலறை மிதியடியும் மெத்தை விரிப்பும் பேட் போலத்தான் படும். பால்கனியில் புல் தட்டு வைப்பவர்களும் உண்டு. மண் வாசனை தெரிந்து வளரும் என்பதால் நல்ல வழிதான். ஆனால் கழுவிவிடுமுன் எட்டிப் பாருங்கள். கீழ்வீட்டு அம்மா வடாம் காயவைத்திருந்தால் உங்கள் நாயின் பெயர் அந்தக் கட்டடம் முழுவதும் கெட்டுவிடும்.

என் ஓட்டு நம்மூர்க் குளியலறைக்கு. மேல்நாட்டில் எழுதப்பட்ட நாய்ப் புத்தகங்களில் இந்த யோசனையைப் பெரும்பாலும் பார்க்க முடியாது, காரணம் அவர்கள் குளியலறைத் தரை உலர்ந்தது, பல வீடுகளில் தண்ணீர் போகத் தரையில் வழியே கிடையாது. நம் குளியலறையில் தரை சரிவாக இருக்கிறது, மூலையில் ஜல்லடை மூடி போட்ட வடிகால் இருக்கிறது, வாளியும் மக்கும் எப்போதும் இருக்கின்றன. வடிகால் பக்கம் ஒரு தாளில் தொடங்கி, தாளை எடுத்துவிட்டுத் தரையிலேயே பழக்கிவிட்டால், மழை நாளிலும், வீட்டில் வயதானவர் மட்டும் இருக்கும் நாளிலும், லிஃப்ட் கெட்டுக் கிடக்கும் நாளிலும் கவலையில்லை. இரண்டுக்குப் போனதை எடுத்துக் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் விட்டால் முடிந்தது. கதவைத் திறந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். வெளியே போகும் பழக்கம் இதனால் கெடும் என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டிலும் சமமாகப் பழக்கினால் கெடுவதில்லை.

தவறிய இடத்தைக் கழுவுவதில் நம் வீடுகள் தோற்கின்றன. பினாயில் ஊற்றினால் நமக்கு நாற்றம் போய்விடும், நாய்க்குப் போகாது. பினாயில் நனைந்த தரையில் நடந்து காலை நக்குகிற நாய்க்கு அது நல்லதும் இல்லை. அமோனியா கலந்த திரவம் அதைவிட மோசம். மூத்திர வாசனையோடு அதுவும் சேர்ந்து அழைக்கும். முதலில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, பிறகு செல்லப்பிராணிகளுக்கென்று விற்கிற, என்சைம் கலந்த திரவத்தால் கழுவுங்கள். டைல்ஸ் இடுக்கைத் தனியாகத் தேய்க்க வேண்டும். அங்கேதான் தங்கும்.

மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்ப்பது, செய்தித்தாளைச் சுருட்டி ஒரு போடு போடுவது. இது இன்னும் பல வீடுகளில் மருந்தாகவே நம்பப்படுகிறது. நாய் கற்றுக்கொள்வது, இவர் முன்னால் இருக்கக்கூடாது என்பதை மட்டும். அப்புறம் சோபாவுக்குப் பின்னால் போகும். கயிற்றில் கட்டிக் கீழே கூட்டிப்போனாலும் நீங்கள் பக்கத்தில் நிற்பதால் இருக்காது. "தப்புப் பண்ணியது அதுக்கே தெரியுது, பாருங்க திருட்டு முழி முழிக்குது" என்பார்கள். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் இந்த முழியைச் சோதித்துப் பார்த்தார். தின்னாதே என்று வைத்த பண்டத்தைத் தின்ற நாயும் தின்னாத நாயும், உரிமையாளர் திட்டியபோது ஒரே மாதிரிதான் முழித்தன. திட்டுக்கு வந்த பயம் அது. குற்ற உணர்ச்சி என்பது நாமாக ஏற்றிச் சொல்வது. கண்முன் நடக்கும்போது ஒரு சத்தம் கொடுத்து நிறுத்தித் தூக்கிக்கொண்டு போங்கள். முடிந்துபோன பிறகு துடைப்பதோடு சரி.

எல்லா நனைவும் பழக்கக் குறைவல்ல. வீட்டுக்கு வந்தவரைக் கண்டு குழைந்து படுத்துச் சொட்டுவிடுகிற குட்டி பணிவு காட்டுகிறது; குனிந்து கொஞ்சாமல் கண்டுகொள்ளாதது போல் இருந்தால் வளர வளரப் போய்விடும். வளர்ந்த ஆண் நாய் நாற்காலிக் காலில் கொஞ்சம், கதவு மூலையில் கொஞ்சம் என்று தெளிப்பது எல்லை குறிப்பது. சின்ன ஆண் நாய்கள் பெரிய நாய்களைவிடக் காலை அதிகக் கோணத்தில் தூக்கி அடிக்கின்றன என்று 2018இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் அளந்தே சொன்னார்கள். உருவத்தைக் கூட்டிக் காட்டும் ஆசை போலும். கருத்தடை செய்தால் பெரும்பாலும் குறையும். நன்றாகப் பழகியிருந்த நாய் திடீரென்று வீட்டுக்குள் நனைத்தால் திட்டாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்றாகவோ கல்லாகவோ சர்க்கரையாகவோ இருக்கலாம். ஷிட்சூ போன்ற சின்ன இனங்களுக்குக் கல் அதிகம் வரும்.

சட்டம் நாய் வளர்ப்பவர் பக்கம்தான் நிற்கிறது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் அனுப்பிய வழிகாட்டுதல்படி, குடியிருப்போர் சங்கம் நாய் வளர்க்கத் தடை போட முடியாது. கேரள உயர்நீதிமன்றமும் 2021இல் அப்படிப்பட்ட தடைகள் செல்லாது என்றது. 2018இல் பெங்களூரு மாநகராட்சி, ஃபிளாட் ஒன்றுக்கு ஒரு நாய்தான் என்று விதி கொண்டுவரப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. சிங்கப்பூரில் நம் தமிழர்கள் பலர் வசிக்கும் வீட்டு வசதிக் கழக வீடுகளில் வேறு ஏற்பாடு: அனுமதிப் பட்டியலில் உள்ள சின்ன இன நாய் ஒன்றே ஒன்று. ஊரே அடுக்குமாடியில் இருப்பதால் அங்கே இது தினசரிப் பண்பாடாகிவிட்டது. பையில்லாமல் நாயோடு இறங்குவது வெட்கக்கேடு. இங்கே உரிமையைக் கேட்டு வாங்கியிருக்கிறோம், பையை இன்னும் கையில் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நாயை வெறுப்பதில்லை. பார்க்கிங்கில் தன் செருப்பில் ஒட்டியதைத்தான் வெறுக்கிறார். நாயைப் பழக்கிவிட்டுத் தன்னைப் பழக்கிக்கொள்ளாதவரின் வேலையை நான் பாதி என்றுதான் மதிப்பிடுவேன்.

அந்த மீதிப் பாதி தெரிகிற இடம் ஒகேனக்கல். விடுமுறை நாளில் பெங்களூரு வண்டிகள் வந்து நிற்கும்போது, கதவு திறந்து ஒரு பஞ்சு மூட்டை இறங்கும். மூன்று நான்கு மணி நேரம் காரில் அடக்கிக்கொண்டு வந்த நாய். பாறையில் விடுவார்கள், முகரும், நிற்கும், இருக்காது. ஒரு பக்கம் மீன் வறுவல் புகை, ஒரு பக்கம் குரங்கு, காலடியில் சுடுகிற பாறை. பிறந்ததிலிருந்து பேட் தவிர எதையும் மிதித்து இருந்ததில்லை. திரும்பக் காரில் ஏற்றியதும் இருக்கையில் விட்டுவிடும். ஆகவே குட்டியாக இருக்கும்போதே மண், புல், சிமெண்ட், சரளை என்று பல தரைகளில் பழக்குங்கள். பயணத்துக்குக் கிளம்பும்போது அது வழக்கமாக இருக்கும் தாளில் ஒன்றை மடித்து எடுத்துக்கொள்ளுங்கள். கயிற்றை அவிழ்க்காதீர்கள்; இது குரங்கும் காட்டு விலங்கும் நடமாடும் இடம்.

வீட்டில் நாய் எங்கே இருக்க வேண்டும் என்று அவ்வளவு பாடுபட்டவர்களே ஆற்றங்கரையில் அது போனதை அப்படியே விட்டுவிட்டு நடக்கிறார்கள். திறந்த வெளிதானே, மண்ணோடு மண்ணாகிவிடும் என்று நினைப்பு. நாய்க் கழிவில் குடற்புழு முட்டைகள் இருக்கும், அவை மண்ணில் வெகுநாள் தாங்கும்; மழை வந்தால் ஆற்றில் சேரும். இங்கேதான் குளிக்கிறோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட ஊர்களுக்காக, ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நீர் எடுப்பதும் இந்த ஆற்றில்தான். ஓசூருக்கும் இந்தத் தண்ணீர் போகிறது. சுத்திகரித்துத்தான் குழாயில் விடுகிறார்கள், உண்மை. அதற்காக அவர்களுக்கு வேலை கூட்ட வேண்டியதில்லை.

பையை உள்ளங்கையில் மாட்டி, எடுத்து, அப்படியே புரட்டி முடிச்சுப் போடுங்கள். கரையில் இருக்கும் தொட்டி நிரம்பி வழிந்தால், அதன் மேல் வைத்துவிட்டு வராதீர்கள். குரங்கு அதைப் பிரித்துப் பார்க்கும். காரிலேயே கொண்டுபோய் ஓசூரில் போடலாம். கொஞ்சம் நாறும், ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள்.